பொட்டு வைத்த பெட்டி

கரையில் ஒரு கம்பம் நின்றது. கம்பத்துக்குள் மின்சாரம் இருந்தது. கம்பத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் சாருலதாவின் படகு. அந்த நாலு எட்டைத் தாண்டி மின்சாரத்தைப் படகுக்குள் கொண்டுவருவதற்குத்தான் அவள் கோடை முழுக்க நாயாய் அலைந்தாள்.

இத்தனைக்கும் சாருலதா மின்சாரம் தெரியாதவள் அல்ல. கோயம்புத்தூரில் அதைத்தான் படித்தாள். பெர்லினில் ஒரு கம்பெனியில் துணைமின் நிலையங்களை வடிவமைப்பதுதான் அவள் வேலை. அவள் போட்ட வரைபடத்தை நம்பி ஒரு நகரமே ராத்திரி விளக்கேற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் மட்டும் டார்ச் வெளிச்சத்தில் ரசம் ஊற்றிக்கொண்டார்கள்.

வீடு என்பது படகு. வாடகை வீட்டின் சொந்தக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். பெர்லினில் வேறு வீடு பார்க்கப் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரிசை தெருமுனை வரை நின்றது. அவள் கணவன் சிவராம், பல்கலைக்கழகத்தில் பாசிகளை ஆராய்பவன், சுவரில் பாசி பிடிக்கும் வேகத்திலேயே எதையும் யோசிப்பவன், ஒருநாள் மெதுவாகச் சொன்னான்.

"தண்ணி மேல வரிசை இல்ல சாரு."

ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குக் குடிபோக இருந்த ஒரு பெரியவரிடமிருந்து 'ஹெல்கா' என்ற பழைய இரும்புப் படகை வாங்கினார்கள். படுக்கை இருந்தது, அடுப்பு இருந்தது, டீசல் ஹீட்டர் இருந்தது. ஹீட்டர் பற்றிக்கொள்ளவும் அதன் விசிறி சுழலவும் மின்சாரம் வேண்டும். கூரையில் ஒரு சோலார் தகடும் இருந்தது. பெர்லின் வானம் இலையுதிர் காலத்தில் கொடுக்கும் வெயிலுக்கு அது ஒரு போனை சார்ஜ் செய்யும், அதுவும் மனமிருந்தால்.

அப்போதுதான் சாருலதா கர்ப்பமானாள். டிசம்பரில் நாள்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சி பேர்பெச்சுவா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், பெர்லினிலேயே வளர்ந்தவர். செப்டம்பரில் ஒரு சாயங்காலம் படகுக்குள் இறங்கி வந்தவர் கோட்டைக் கழற்றவே இல்லை.

"சாரு, நான் உம்மை வெருட்டேல்லை. ஆனா இந்தக் குளிருக்குள்ள பச்சப்பிள்ளையை வைச்சிருக்க ஏலாது. நவம்பருக்குள்ள ஹீற்றர் வேலை செய்யோணும். இல்லாட்டி வேற இடம் பாக்கோணும்."

"கரண்ட் கனெக்‌ஷன் வந்துட்டா போதும் அக்கா. ப்ராசஸ் போயிட்டிருக்கு."

"எத்தினை மாசமாப் போகுது?"

சாருலதா வயிற்றைத் தடவிக்கொண்டாள். இதைவிட வேகமாக உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ராத்திரியும் வரவில்லை.

ஹெல்கா கட்டப்பட்டிருந்த துறை 'நீலநாரைப் படகுச் சங்க'த்துக்குச் சொந்தம். அந்தச் சங்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. கயிற்றுக்கு ஒருவர், புல்லுக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர். மின்பொறுப்பாளர் ஹெர் பிஸ்டோர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். அவர் முதலில் கேக் பொறுப்புக்குத்தான் போட்டியிட்டார். தோற்றுப்போனார். மனிதர் முகம் வாடிவிட்டதைப் பார்த்து, ஆறுதலுக்கு மின்சாரத்தைக் கொடுத்தார்கள்.

கம்பத்தின் சாவி அவர் கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று துறையில் பேச்சு.

"பெரியவர் இருபது வருடம் இதே கம்பத்திலிருந்துதானே மின்சாரம் எடுத்தார்?" என்று சாருலதா முதல் நாளே கேட்டாள்.

"ஒப்புதல் பெரியவருக்குக் கொடுத்தது. அவர் மயோர்க்காவுக்குப் போய்விட்டார். ஒப்புதலும் அவரோடு போய்விட்டது" என்றார் ஹெர் பிஸ்டோர்.

பெரியவர் போட்டிருந்த ஒயரை அவள் பார்த்தாள். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. போனது நல்லதுக்குத்தான் என்று புது ஒயரிங் செய்ய இறங்கினாள். அங்கே பிடித்தது சனி.

மின்சாமான் மொத்தக் கடைக்குப் போனாள். நல்ல கேபிள், ஷாக் அடிக்கும் முன் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப்பர், உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் தாங்கும் பெட்டி எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. கவுன்ட்டர்காரர் தொழில் உரிமம் கேட்டார். இல்லை என்றாள். தான் துணைமின் நிலையம் வடிவமைப்பவள் என்றாள்.

"எத்தனை வோல்ட்?"

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம்."

"அது உயர் அழுத்தம். இது தாழ் அழுத்தம். உங்களுக்குத் தெரியாத துறையில் இறங்காதீர்கள்" என்று அவர் அக்கறையோடு சொன்னார். உண்மையான அக்கறைதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கரையிலிருந்து வரும் கேபிளைப் படகில் செருகுவதற்கு ஒரு நீல சாக்கெட் வேண்டும். பெரிய ஹார்டுவேர் கடையில், கேரவன் வண்டிகளுக்கான வரிசையில் அது கிடைத்தது. வாங்கி ஹெர் பிஸ்டோரிடம் காட்டினாள். அவர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்கெட்டைப் பார்க்கவில்லை.

"இதில் வண்டிச் சக்கரம் படம் போட்டிருக்கிறது."

"சாக்கெட் ஒன்றுதான் சார்."

"படகுக்கு வருவதில் நங்கூரம் இருக்கும்."

படகுச் சாமான் கடைக்குப் போனாள். அதே கம்பெனி, அதே நீலம், அதே மூன்று துளை. அட்டைப்பெட்டியில் நங்கூரம். விலையைப் பார்த்ததும் குழந்தை உள்ளே ஒரு உதை விட்டது. வாங்கினாள். ஹெர் பிஸ்டோர் நங்கூரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பெட்டியைத் தன் கோப்புக்காக வைத்துக்கொண்டு சாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மிச்சச் சாமான்களை நொய்கெல்ன் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் குமாரசாமி அண்ணை முடித்துக் கொடுத்தார். முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் அவள் புலம்பியதைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"உதுக்கேன் தங்கச்சி இவ்வளவு அலைச்சல்? என்ரை மச்சான் உரிமம் வைச்சிருக்கிறான். நீர் லிஸ்ற்றைத் தாரும். வெள்ளிக்கிழமை கத்தரிக்காயோட வரும்."

வெள்ளிக்கிழமை கத்தரிக்காயோடு வந்தது.

ஆனால் ஒயரிங் செய்தாலும் மின்சாரம் வந்துவிடாது. புது உறுப்பினர் யாரானாலும் சங்கத்துக்கு உடலுழைப்பு தர வேண்டும். சிவராம் போய் நாள் முழுக்க இலை கூட்டினான். அந்த உழைப்பு சிவராமின் கணக்கில் ஏறியது. மின்சாரம் கேட்டது சாருலதா. எனவே அவளும் உழைக்க வேண்டும். கர்ப்பிணி இலை கூட்டக் கூடாது என்பதில் சங்கம் மிகவும் மனிதாபிமானத்தோடு இருந்தது. ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, சங்க விருந்துக்கு மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரிக்கச் சொன்னார்கள்.

அந்த விருந்தில் சங்கத் தலைவி ஃபிராவ் ஹெல்விக் எழுந்து பேசினார். வெள்ளைத் தொப்பி, தங்கப் பொத்தான்.

"நமது சங்கம் யாருக்கும் மின்சாரத்தை மறுத்ததே இல்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். கேட்டவர்கள்தான் பாதியில் பொறுமை இழந்து போயிருக்கிறார்கள். பொறுமை இழப்பவர் கையில் மின்சாரத்தைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்! ஆக, நமது தாமதமே நமது முதல் பாதுகாப்புச் சாதனம்."

எல்லோரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். சாருலதா உரித்த உருளைக்கிழங்கு அதில் துள்ளியது.

கடைசியில் அக்டோபர் முதல் வாரம், வியாழக்கிழமை, பரிசோதனைக்கு நாள் கிடைத்தது. சாருலதா ராத்திரி பகலாக வேலையை ஓட்டினாள். ஓட்டினாள் என்றால், வேலை செய்தது சிவராம். ஒயர் பெட்டி இருந்த பொந்துக்குள் நுழைய அவள் வயிறு இடம் கொடுக்கவில்லை. எனவே அவள் மேலே குந்திக்கொண்டு கட்டளை இடுவாள். அவன் தலை மட்டும் உள்ளே இருக்கும்.

"பிரவுன் ஒயர் இடது பக்கம். சிவா, இடது. உன் இடது இல்ல, பெட்டியோட இடது."

"பெட்டிக்கு எது சாரு இடது?"

இப்படியே புதன்கிழமை வந்தது. புதன்கிழமை ஆயுத பூஜை. சாருலதாவுக்கு நினைவில்லை. ஊரிலிருந்து அவள் அம்மா மருமகனுக்கு நேரடியாகப் போன் போட்டு நினைவுபடுத்திவிட்டார். சாருலதா காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு வருவதற்குள், சிவராம் குளித்து, குமாரசாமி அண்ணையின் கடைச் சந்தனத்தைக் குழைத்து, துரப்பணம், கட்டிங் பிளேயர், மீட்டர், கேபிள் சுருள், டீ கெட்டில் எல்லாவற்றுக்கும் வட்டமாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்திருந்தான். ஒயர் பெட்டிக்குப் பெரிய பொட்டு. மூடியும் பெட்டியும் சேரும் கோட்டின் மேலேயே வைத்திருந்தான்.

"சிவா, எர்த் ஒயர் முடுக்கிட்டியா?"

"ஒரே ஒரு ஸ்க்ரூதான் பாக்கி. அதுக்குள்ள பூஜை நேரம் வந்துடுச்சு. இன்னிக்கு டூல்ஸைத் தொடக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலைல ஒரு முடுக்கு."

சாருலதாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் சண்டை போட உடம்பில் தெம்பில்லை. நாளைக்குத்தானே பரிசோதனை என்று சுண்டலைத் தின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல்தளத்தில் பூட்ஸ் சத்தம். ஹெர் பிஸ்டோர்.

"வெள்ளிக்கிழமை தேசிய விடுமுறை. வியாழக்கிழமை விடுமுறைக்கு முந்தைய நாள். எனவே வியாழக்கிழமை என்பது புதன்கிழமை" என்றபடி இறங்கினார். கையில் அட்டை, காதில் பென்சில்.

சாருலதா பெட்டியைப் பார்த்தாள். இரும்புப் படகு. எர்த் ஒயர் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஹெர் பிஸ்டோர் பெட்டியின் முன்னால் குனிந்தார். அப்படியே நின்றார். மூக்குக் கண்ணாடியை மாற்றினார்.

"இது என்ன குறி?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "எங்கள் பண்டிகை. கருவிகளுக்கு வைப்போம். அவை ஆபத்து இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று."

"ஆக, பாதுகாப்புக் குறி. எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை?"

"வருடத்துக்கு ஒருமுறை."

"வருடாந்திரம்" என்று அவர் எழுதிக்கொண்டார். "வைக்கும் முன் கருவியைச் சுத்தம் செய்வீர்களா?"

"துடைத்துத்தான் வைப்போம்."

"குறி வைத்த நாளில் கருவியைப் பயன்படுத்துவீர்களா?"

"மாட்டோம். அன்றைக்கு முழுக்க ஓய்வு. தொடவே கூடாது."

ஹெர் பிஸ்டோர் பென்சிலைக் கீழே வைத்தார். கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

"திருமதி சாருலதா, பரிசோதனை நாளில் கருவிகளை இயக்காதீர்கள் என்று நான் எத்தனை வருடமாக இந்த உறுப்பினர்களிடம் கெஞ்சுகிறேன் தெரியுமா? ஒருவரும் கேட்பதில்லை. காபி மெஷினை ஓடவிட்டுக்கொண்டே என்னை வரவேற்பார்கள். உங்கள் நாட்டில் அதை ஒரு பண்டிகையாகவே கொண்டாடுகிறீர்கள்."

கெட்டிலைப் பார்த்தார், பொட்டு இருந்தது. கேபிளைப் பார்த்தார், பொட்டு இருந்தது. அட்டையில் வரிசையாகச் சரி போட்டுக்கொண்டே போனார்.

"பெட்டியைத் திறந்து பார்க்கவில்லையே?" சாருலதாவால் சும்மா இருக்க முடியவில்லை. பயம் ஒரு பக்கம். இத்தனை வருடம் படித்த படிப்பு இன்னொரு பக்கம் அரித்தது.

"மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது" என்றார் ஹெர் பிஸ்டோர் பொறுமையாக, வகுப்பில் சொல்வதைப் போல. "எனவே கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே நான் பரிசோதிக்கிறேன். ஒப்புதல் வழங்கப்பட்டது. வாருங்கள், சாவியைத் திருப்பலாம்."

"ஐயோ, இப்ப வேண்டாம்!" என்று தமிழிலேயே கத்திவிட்டாள். பிறகு ஜெர்மனில், "உள்ளே ஒரு திருகு இன்னும் முடுக்கவில்லை" என்றாள்.

ஹெர் பிஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அதை நான் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டும். எழுதினால் ஒப்புதல் ரத்து. ஒப்புதல் கொடுத்த பிறகு பெட்டியைத் திறந்தாலும் ரத்து. அடுத்த பரிசோதனை ஏப்ரலில்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

ஏப்ரல். சாருலதாவின் கண்முன் டிசம்பர் வந்து நின்றது. பேர்பெச்சுவா கழற்றாத கோட்டும் வந்து நின்றது. திருகு இல்லாமல் மின்சாரம் வாங்கினால் சட்டப்படி எல்லாம் சரி, படகு மொத்தமும் ஷாக் அடிக்கலாம். திருகை முடுக்கினால் ஷாக் அடிக்காது, மின்சாரமும் வராது.

அந்த நேரத்தில் தேவாலய மணி ஒரு மணி அடித்தது. ஹெர் பிஸ்டோர் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"மதிய அமைதி நேரம். மூன்று மணி வரை துறையில் சத்தம் கூடாது. சாவி திரும்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மூன்றுக்கு வருகிறேன்." நுனிக்காலில் நடந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் சாருலதா பூஜைத் தட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"சாரு, இன்னிக்கு..."

"உள்ள போ சிவா."

"சரஸ்வதி..."

"அவளுக்கும் எர்த் வேணும். போ."

சிவராம் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொந்துக்குள் போனான். மூடியைத் திறந்ததும் பொட்டு இரண்டாகப் பிளந்தது. திருகு கை நழுவி அடியில் விழுந்தது. தேடினார்கள். இரும்புத் தரையில் அது உருளும் சத்தம் துறை முழுக்கக் கேட்பதுபோல் இருந்தது. கிடைத்தது. முடுக்கினான். மீட்டரை வைத்துச் சரிபார்க்கச் சொன்னாள். திரும்ப ஒருமுறை சரிபார்க்கச் சொன்னாள். பிறகு மூடியைப் போட்டு, டப்பாவில் மீதியிருந்த சந்தனத்தைக் குழைத்து, அதே இடத்தில் புதுப் பொட்டை அவளே எட்டி வைத்தாள்.

மூன்றுக்கு ஹெர் பிஸ்டோர் வந்தார். பெட்டியிடம் முகத்தைக் கொண்டுபோனார். மோந்தார்.

"ஈரமாக இருக்கிறது."

சிவராம் கண்ணை மூடிக்கொண்டான்.

"இரண்டாவது முறையும் வைத்திருக்கிறீர்கள்" என்றார் ஹெர் பிஸ்டோர். "யாரும் கேட்காமலே மறுபரிசோதனை!" அவளுக்குக் கைகொடுத்தார். வெளியே போய்ச் சாவியைத் திருப்பினார். டக்.

ஹீட்டர் இருமியது, முனகியது, பற்றிக்கொண்டது. காலடியில் வெதுவெதுப்பான காற்று வந்தது. சாருலதா படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஹெர் பிஸ்டோர் அதையும் அட்டையில் 'திருப்தி' என்று குறித்துக்கொண்டார்.

டிசம்பரில் பெண் பிறந்தாள். பேர்பெச்சுவா வந்து, முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

ஜனவரியில் குமாரசாமி அண்ணை போன் செய்தார். "தங்கச்சி, கழுத்தில சாவி போட்ட ஒரு ஜெர்மன்காரர் கடைக்கு வந்து குங்குமம் மொத்தமாக் கேக்கிறார். என்ன விசயம்?"

விஷயம் இதுதான். பொதுக்குழு கூடி, எல்லாப் படகின் ஒயர் பெட்டியிலும் மஞ்சள் வட்டமும் நடுவில் சிவப்புப் புள்ளியும் இருக்க வேண்டும் என்று ஒருமனதாக விதி செய்துவிட்டது. வைப்பதற்குப் புதிதாகப் பொட்டுப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி. சாருலதாவையே நியமித்தார்கள். சரி, இந்தச் சாக்கிலாவது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கலாம் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். வைப்பது மட்டுமே பொறுப்பாளர் வேலை, திறப்பது அதிகார மீறல் என்று விதியின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஏப்ரலில் சங்கத் தலைவியின் படகில் வசந்த விருந்து. காபி மெஷினும் வாஃபிள் அடுப்பும் ஒன்றாக ஓடின. பெட்டியிலிருந்து புகை வந்தது. ஹெர் பிஸ்டோர் சாவியைத் தேடிச் சட்டைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, சாருலதா இடுப்பில் குழந்தையோடு ஓடிப்போய்க் கம்பத்திலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். உள்ளே கருகிய ஒயர்களைச் சுற்றி, கை வெட்டுப்பட்டால் ஒட்டும் பிளாஸ்டர் போட்டிருந்தது. வருடக்கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. விபத்துக்குக் காரணம், பொட்டு நடுவிலிருந்து லேசாக இடதுபுறம் விலகியிருந்தது என்று கண்டுபிடித்தது. மின்பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கேபிளைப் பிடுங்கியதற்காகவும், பெட்டியைத் திறந்ததற்காகவும் சாருலதா பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டாள். ஃபிராவ் ஹெல்விக் அவளுடைய தைரியத்தைப் பாராட்டிப் பேசிவிட்டு, தைரியம் பாதுகாப்புக்கு எதிரானது என்றும் சொன்னார். புதுப் பொறுப்பாளராக சிவராம் தேர்ந்தெடுக்கப்பட்டான். அவனுக்கு மின்சாரம் பற்றி எதுவும் தெரியாது என்பது சிறப்புத் தகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

சங்கம் அவனுக்கு ஒரு காம்பஸும் அளவுகோலும் வாங்கிக் கொடுத்தது. முதல் சனிக்கிழமை காலை முழுக்கப் பொட்டு வைத்துவிட்டு, விரலெல்லாம் மஞ்சளாகத் திரும்பி வந்தான். முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு கம்பீரம்.

"எல்லாம் கரெக்டா நடுவுல வந்திருக்கு சாரு."

"பெட்டிங்களைத் திறந்து பாத்தியா?"

சிவராம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அது என் அதிகாரத்துல வராதும்மா."

 சாருலதா குழந்தையை அவன் மடியில் வைத்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள், அதன் பிடியில் போன வருடத்துக் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. மீட்டரையும் சந்தன டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். தேவாலய மணி ஒன்று அடித்தது. துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் பக்கத்துப் படகில் ஏறினாள்.

அந்தக் கோடை முழுக்க மதிய அமைதி நேரத்தில் அவள் தூங்கவே இல்லை. செப்டம்பரில் நீலநாரைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், எல்லாப் பெட்டிகளிலும் பொட்டு எப்போதும் புதிதாக இருப்பதற்காகப் பொறுப்பாளர் சிவராமுக்கு நன்றி தெரிவித்து ஹெர் பிஸ்டோர் எழுதியிருந்தார். துணைவியாரும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்.